பிடிபடாத பின்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட கையைக் கழுவும்போது அவளுடைய கைக்கடிகாரம் மணிக்கட்டை விட்டு நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. ஊறப்போட்டிருந்த சட்டிக்குள்ளிருந்து அடித்துப் பிடித்து எடுத்தாள். முந்தானையில் துடைத்துக் காதோரம் வைத்துப் பார்த்தாள். ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியிலும் கீறல் இல்லை. தோல் வார்தான் இரண்டாகப் பிய்ந்திருந்தது. தலையும் உடம்பும் நல்லபடியாக இருக்க, இடுப்பில் முறிந்து கிடந்தது.

"போச்சா?" என்றார் சாப்பாட்டு மேசையிலிருந்து கணவர்.

"வார் மட்டும்தான். அஞ்சு நிமிஷ வேலை, நானே மாத்திடுவேன்" என்றாள்.

அவள் அப்படிச் சொன்னதில் வீண் பெருமை எதுவும் இல்லை. அந்த வீட்டில் வேலைகள் எப்போதோ பிரிக்கப்பட்டுவிட்டன. கனமானது அவர் பக்கம், நுணுக்கமானது அவள் பக்கம். கணவருக்கு மரச்சாமான் கடையில் வேலை. கட்டிலையும் அலமாரியையும் வாங்கியவர் வீட்டுக்கே கொண்டுபோய்ப் பூட்டிக் கொடுக்கிறவர். ஆளும் அதற்கேற்ற ஆகிருதி. விரல் ஒவ்வொன்றும் வெள்ளரிப் பிஞ்சு கனத்தில் இருக்கும். அவர் தொட்டால் கோப்பையின் காது கையோடு வந்துவிடும் என்று மகள் கேலி செய்வாள். ஊசியில் நூல் கோக்க, சங்கிலியின் சிக்கு எடுக்க, கண்ணாடிக் காலின் எள்ளுத் திருகாணியைப் பூட்ட, அவர் உள்ளங்கையில் ஏறிய மரச் சிலாம்பைப் பிடுங்க, எல்லாவற்றுக்கும் அவள்தான்.

வெளியிலும் அவளுக்கு அதே பெயர்தான். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பது அவள் வேலை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். நரம்பு ஓடி ஒளிந்துகொள்ளும் கிழவர்களும், கொழுகொழு கையில் நரம்பே தெரியாத கைக்குழந்தைகளும் அவளிடம்தான் வருவார்கள். "வலிக்காத அக்கா இருக்காங்களா?" என்று வாசலிலேயே கேட்டுவிட்டு, இல்லையென்றால் மறுநாள் வருவதாகச் சொல்லித் திரும்பிப் போகிறவர்களும் உண்டு. பக்கத்து நாற்காலிக்காரர் நல்ல மனிதர்தான், ஆனால் கை கொஞ்சம் முரடு. அவருக்கு 'ஈட்டி' என்று பெயர் வைத்தவளே இவள்தான். அது ஆஸ்பத்திரி முழுக்கப் பரவி, அவர் காதுக்கே போய், அவரும் அதைக் கேட்டுச் சிரிக்கப் பழகிவிட்டார்.

அந்த அறைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. சுவர்க் கடிகாரமோ அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. கையில் கட்டும் ரப்பர் பட்டையை அதிக நேரம் இறுக்கி வைக்கக் கூடாது. சர்க்கரைத் தண்ணீர் குடித்தவருக்குக் குறித்த நேரத்தில் மறுபடி எடுக்க வேண்டும். கைக்கடிகாரம் இல்லாமல் திங்கட்கிழமை காலையில் அங்கே போய் உட்கார முடியாது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் கடையும் இல்லை.

அலமாரி இழுப்பறையில் கணவரின் பழைய கடிகாரம் ஒன்று என்றைக்கோ நின்றுபோய்க் கிடந்தது. அதன் வார் இன்னும் புதுக்கருக்கு அழியாமல் இருந்தது. அதைக் கழற்றி இதில் மாட்டினால் வேலை தீர்ந்தது. புருவம் திருத்தும் இடுக்கி, ஊக்கு, காய் நறுக்கும் சின்னக் கத்தி மூன்றையும் எடுத்துக்கொண்டு மேசையில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்து உட்கார்ந்தாள். வாரைக் கடிகாரத்தோடு சேர்த்துப் பிடிப்பது அரிசியை விடச் சற்றே நீளமான ஒரு பின். அதன் உள்ளே சுருள் ஒன்று இருக்கிறது. இரண்டு முனையும் அழுத்தினால் உள்ளே போகும், விட்டால் வெளியே வந்து கடிகாரத்தின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு காதிலும் உள்ள குழிக்குள் உட்கார்ந்துகொள்ளும். அவ்வளவுதான் அதன் சூட்சுமம்.

கழற்றுவது சுலபமாகவே முடிந்தது. வாரின் அகலம் ஒரு நூல் அளவு கூடுதலாக இருந்தது. ஓரத்தைக் கத்தரியால் நறுக்கிச் சரி செய்தாள். பின்னை வாருக்குள் செருகினாள். ஒரு முனையைக் குழியில் வைத்தாள். மறு முனையை ஊக்கின் நுனியால் அழுத்தி, காதுக்குள் தள்ளினாள். முதல் முனை வெளியே வந்துவிட்டது.

மறுபடி வைத்தாள். இந்த முறை ஊக்கு வழுக்கிக் கட்டைவிரலில் ஏறியது.

மூன்றாவது முறை இரண்டு முனையும் சரியாக இருந்தன. கிட்டத்தட்ட உள்ளே போயே போய்விட்டது. கடைசி நொடியில் எங்கிருந்தோ ஒரு வெட்டு வெட்டி, வார் கோணிக்கொண்டது.

"வெளிச்சம் பத்தல" என்று சொல்லி நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டாள். அங்கே கண் கூசியது. மறுபடி மேசைக்கே வந்தாள். மேசை ஆடுகிறது என்றாள். கணவர் எழுந்து வந்து, மேசையின் நான்கு காலையும் அசைத்துப் பார்த்து, தானே பூட்டிய மேசையை ஒருத்தி குறை சொன்ன வருத்தத்தோடு, "இது ஆடலியே" என்றார்.

"ஆடுதுன்னா ஆடுது."

அவர் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்ள விரும்பவில்லை. ஒரு அட்டையை மடித்து ஆடாத காலுக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு மேசை உண்மையிலேயே ஆடத் தொடங்கியது.

கல்லூரியில் படிக்கும் மகள் அறையிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள். இதற்கெல்லாம் வீடியோ இருக்கிறது என்று சொல்லிப் போனை நீட்டினாள். வீடியோவில் முகம் தெரியாத யாரோ ஒருவருடைய இரண்டு கைகள் மட்டும் வந்தன. அந்தக் கைகள் பின்னை எடுத்தன, வைத்தன, அழுத்தின. கண்ணை மூடித் திறப்பதற்குள் வார் மாட்டிக்கொண்டது. "பாத்தியாம்மா, ரொம்ப ஈஸி" என்றாள் மகள். அந்தக் கைகளைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது. அத்தனை அமைதியாக, தண்ணீரில் மிதப்பதுபோல அசைந்தன. போன மாதம் வரைக்கும் அவளுடைய கைகளும் அப்படித்தான் இருந்தன என்ற நினைப்பு ஒரு கணம் தலைகாட்டியது. அதைத் தலையில் தட்டி உட்கார வைத்தாள்.

"எனக்குப் பாடம் எடுக்க வேணாம். போய்ப் படி" என்றாள். மகளுக்கு அன்றைக்குப் படிக்க எதுவும் இல்லை. ஆனாலும் போய்விட்டாள்.

இப்போதெல்லாம் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வீட்டில் இருவரும் அதைக் கவனித்திருந்தார்கள், பேசிக்கொள்ளவில்லை. எந்நேரமும் வேர்த்தது. மற்றவர்கள் போர்வை தேடும்போது அவள் மின்விசிறியைக் கூட்டி வைத்தாள். மாடி ஏறினால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. வயசு ஆகிறது, நாற்பதைத் தாண்டினால் பெண்களுக்கு இதெல்லாம் வருவதுதான் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லி வைத்திருந்தாள்.

அடுத்த முறை அழுத்தியபோது பின் 'டிங்' என்று பறந்தது. எங்கே போனதென்று தெரியவில்லை.

"யாரும் நடக்காதீங்க" என்றாள். நடப்பதற்கு அங்கே யாருமில்லை. கணவர் சோபாவில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். அவர் அப்படியே காலைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டார். அவள் தரையில் மண்டியிட்டு, டார்ச் அடித்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுத் தேடினாள். துணி அலமாரிக்கு அடியில் ஏதோ மின்னியது. கணவர் வந்து அலமாரியை ஒரு பக்கமாகத் தூக்கிப் பிடித்தார். மின்னியது ஒரு மிட்டாய்க் காகிதம். அதோடு, மகள் சின்ன வயதில் தொலைத்துவிட்டு இரண்டு நாள் அழுத பொம்மையின் ஒற்றைச் செருப்பும் வந்தது. கணவர் அதைப் பார்த்துப் பல்லைக் காட்டினார். அவள் சிரிக்கவில்லை. "இன்னும் கொஞ்சம் தூக்குங்க" என்றாள்.

"கை வலிக்குது. இது துணி நெறஞ்ச அலமாரி."

"கடையில தூக்குவீங்க, வீட்ல தூக்கமாட்டீங்க."

பின் கடைசியில் அவளுடைய புடவை மடிப்பிலேயே இருந்தது. எழுந்து நின்றபோது தானாகக் கீழே விழுந்தது. இத்தனை நேரமும் அதைக் கட்டிக்கொண்டே அது இல்லாத இடமெல்லாம் தவழ்ந்திருக்கிறாள். ஒரு பின் தன்னை வைத்து வேடிக்கை பார்க்கிறது என்று தோன்றியது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஒரு வாருக்காகவா அழுவார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

திரும்ப உட்கார்ந்தாள். முழங்கையை மேசையில் ஊன்றினாள். சுண்டுவிரலைத் துண்டின் மேல் அழுத்திக் கையை நிலைப்படுத்தினாள். இது அவள் இந்த ஒரு மாதத்தில் கண்டுபிடித்த வித்தை. ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான் செய்துகொண்டிருந்தாள். ஊசி பிடித்த கையின் சுண்டுவிரலை நோயாளியின் கையிலேயே ஊன்றிக்கொள்வாள். பார்ப்பவர்களுக்கு அது அக்கறையாகத் தெரியும். பெரியவர்களின் தடித்த நரம்புக்கு அது போதும். குழந்தைகள் வந்தால் மட்டும், மாதிரிகளை அடுக்க வேண்டும் என்றோ கழிவறைக்குப் போக வேண்டும் என்றோ சொல்லி எழுந்துவிடுவாள். குழந்தைகள் ஈட்டியிடம் போனார்கள். போன வாரம் ஒருநாள் அவர் விடுப்பு. ஒரு பெண் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, "நீங்கதான் வலிக்காத அக்காவா?" என்று கேட்டு நிம்மதியாக உட்கார்ந்தாள். முதல் குத்தில் ரத்தம் வரவில்லை. இரண்டாவதில் தோலுக்கடியில் நீலம் பாய்ந்துவிட்டது. குழந்தை வீரிட்டது. அந்தப் பெண் அவளை ஏறிட்டு மட்டும் பார்த்தாள். அப்படிப் பார்ப்பதற்குப் பதில் அந்தத் தாய் நாலு திட்டுத் திட்டியிருக்கலாம்.

ஊன்றிய சுண்டுவிரலும் இன்றைக்குக் கைவிட்டது. இடுக்கியின் நுனி பின்னுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போனதே தவிர, பின்னைப் பிடிக்கவில்லை. இடுக்கியைத் தூக்கி மேசையில் எறிந்தாள். அது குதித்துப் போய்த் தண்ணீர்க் குவளையில் மோதியது.

"ஒரு டீ போட்டுத் தரவா?" என்றார் கணவர்.

"எனக்கு ஒண்ணும் வேணாம். எந்தக் கடங்காரன் இந்தப் பின்னக் கண்டுபிடிச்சானோ" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள்.

குளியலறைக் குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீரை அடித்து அடித்துக் கழுவினாள். வெளியிலிருந்து 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. ஏதோ கதவின் கொக்கி விழுந்ததுபோல. முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தவள் அப்படியே நின்றாள். கணவர் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெள்ளரிப் பிஞ்சு விரல்களுக்கு நடுவில் கடிகாரம் பொட்டுபோல இருந்தது. அதன் ஒரு பக்கத்தில் வார் மாட்டியிருந்தது.

"நகத்தால அழுத்தினேன், உள்ள போயிடுச்சு" என்றார். பரிசு வாங்கிய பையனைப்போல அவர் முகம் மலர்ந்திருந்தது. "இன்னொரு பக்கமும் போட்டுடறேன், இரு."

அவளுக்கு வந்தது சந்தோஷம் இல்லை. கோபம்தான், அதுவும் சாதாரணக் கோபம் இல்லை. இத்தனை வருஷத்தில் அந்த மனிதரால் ஒரு சட்டைப் பொத்தானைத் தைக்க முடிந்ததில்லை. அவளுடைய சங்கிலிக் கொக்கியை மாட்டச் சொன்னால் கழுத்துக்குப் பின்னால் நின்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருப்பார். அவர் நகத்தால் அழுத்தினாராம், உள்ளே போயிற்றாம்.

"யாரு உங்கள இதத் தொடச் சொன்னது?"

"நீதான் கஷ்டப்பட்டுட்டு இருந்தே..."

"நான் கேட்டேனா? எழுந்திருங்க."

அவர் எழுந்தார். அவள் உட்கார்ந்தாள். ஊக்கை எடுத்து, அவர் பூட்டிய பின்னைக் குழியிலிருந்து நெம்பிக் கழற்றினாள். கழற்றியதைத் துண்டின் நடுவில் வைத்தாள். மகள் இதற்குள் மறுபடி அறை வாசலுக்கு வந்து நின்றிருந்தாள். தகப்பனும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மாட்டினத ஏம்மா கழட்டற?"

"நானே மாட்டறேன்."

மின்விசிறி தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் பின்னை எடுத்து வாருக்குள் விட முயன்றாள். வாரின் வாய்க்கு நேரே அது வந்தது, விலகியது, மறுபடி வந்தது, விலகியது. நூல் கோக்கத் தெரியாதவர்கள் ஊசிக்கு முன்னால் படும் பாடு அது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மூச்சைப் பிடித்தால் நெஞ்சின் படபடப்பு காதில் கேட்டது.

மகள்தான் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

"அம்மா, உன் கை நடுங்குது."

"ஒண்ணும் நடுங்கல. ரெண்டு மணி நேரமா இதோட மல்லுக்கட்டறேன், கை சோராதா?"

"இன்னிக்கு மட்டும் இல்லம்மா."

கணவர் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிய்ந்துபோன பழைய வாரைக் கையில் எடுத்தார். அது எந்த ஓட்டையில் முறிந்திருந்தது என்று இப்போதுதான் பார்த்தார். கடையில் வரும் ஓட்டை இல்லை அது. அதற்கும் உள்ளே தள்ளி, ஊசியைச் சுட்டுக் குத்திய ஓட்டை.

"இது நீ போட்டதா?"

"தொளதொளன்னு இருந்துச்சு. போட்டேன்."

"எப்போ?"

அவள் துண்டின் ஓரத்தை இழுத்துச் சரி செய்தாள். ஒன்று இல்லை, அதற்கு முன்னாலும் ஒன்று போட்டிருந்தாள். ரவிக்கைகளைப் பிடித்துத் தைத்துக்கொண்டது வேறு. வேளாவேளைக்கு அள்ளி அள்ளிச் சாப்பிட்டும் உடம்பு இளைத்துக்கொண்டே போனது. நல்லதாகத்தானே போயிற்று, நாலு பேர் மெலிந்துவிட்டாய் என்று பாராட்டுகிறார்கள் என்று விட்டுவிட்டாள்.

"தட்டு வைக்கும்போது தட்டு கலகலங்குது. உனக்குக் கேக்கலியா?" என்றார் அவர். குரலில் குற்றம் சாட்டுகிற தொனி இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. "ஒரு மாசமா கேக்குது. சொன்னா நீ வள்ளுன்னு விழுவேன்னு சொல்லல."

"நான் நாயா, வள்ளுன்னு விழ?"

"இதோ."

மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். தாய்க்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம்தான் அது. வரவில்லை. நடுங்குகிறதா இல்லையா என்று இதோ இப்போதே காட்டிவிடுகிறேன் என்று எழுந்தாள். மகளின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். நடுக்கம் என்று வருகிறவர்களிடம் டாக்டர்கள் செய்வதை அவள் பலமுறை பார்த்திருக்கிறாள். கையை நேராக நீட்டச் சொல்லி, விரித்த விரல்களின் மேல் ஒரு தாளைப் போடுவார்கள். கண்ணுக்குத் தெரியாத நடுக்கம் தாளில் தெரியும். இரண்டு கையையும் நீட்டினாள். "போடு" என்று மகளிடம் சொன்னாள்.

மகள் தாளை அவள் விரல்களின் மேல் வைத்தாள். தாளின் ஓரம் படபடத்தது.

"ஃபேன் காத்து" என்றாள் அவள்.

மகள் போய் மின்விசிறியை நிறுத்தினாள். இறக்கைகள் மெல்ல மெல்லச் சுற்றி ஓய்வதற்காக மூவரும் காத்திருந்தார்கள். ஓய்ந்தது. அறையில் ஒரு சத்தமும் இல்லை. தாள் மட்டும் சிர்ரென்று நடுங்கிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்த வேண்டும் என்று அவள் உடம்பின் பலத்தையெல்லாம் கைக்குக் கொண்டுவந்தாள். இன்னும் வேகமாக நடுங்கியது. பிறகு வழுக்கி, ஊஞ்சல்போல ஆடியபடி தரைக்குப் போனது.

முகத்தில் ஈயாடாமல் உட்கார்ந்துவிட்டாள்.

"குழந்தைக்கு ரெண்டு தடவ குத்திட்டேன்" என்றாள். எந்தக் குழந்தை என்று அவர்களுக்குத் தெரியாது. அவளே எல்லாவற்றையும் சொன்னாள். சுண்டுவிரல் வித்தையை, கழிவறை சாக்கை, நீலம் பாய்ந்த கையை, அந்தத் தாயின் பார்வையை. என்ன வியாதியோ, கை போனால் தன்னை யார் வைத்துக்கொள்வார்கள், வேறு என்ன தெரியும் தனக்கு என்று கேட்டாள். கணவருக்கு இதற்கெல்லாம் ஆறுதல் சொல்லத் தெரியாது. மரச்சாமான் பூட்டுகிறவருக்குத் தெரிந்த விதத்தில், "எங்க கழண்டிருக்குன்னு பாக்காம எதயும் எப்படிப் பூட்டறது? நாளைக்கே பாத்துடலாம்" என்றார்.

"எங்க ஆஸ்பத்திரியில வேணாம். எல்லாருக்கும் தெரிஞ்சுடும்."

"தெரியட்டுமே. ஊருக்கெல்லாம் ரத்தம் எடுக்கறே, உனக்கு எப்போ எடுத்தே?"

அவள் விரலை மடக்கி ஒவ்வொன்றாக எண்ணினாள். வியர்வை, படபடப்பு, இளைப்பு, கை நடுக்கம். தன்னுடையது என்று இல்லாமல் வேறு யாரோ எதிரில் உட்கார்ந்து இதையெல்லாம் சொல்லியிருந்தால், டாக்டரின் சீட்டைப் பார்க்காமலேயே என்ன பரிசோதனை எழுதியிருப்பார் என்று சொல்லியிருப்பாள். தைராய்டு என்னும் கழுத்துச் சுரப்பிக்கான அந்தக் குழாய்களைத்தான் தினமும் காலையில் வரிசை வரிசையாக நிரப்புகிறாள். இந்த நினைப்பு வந்ததும் பயம் கொஞ்சம் குறைந்து, தன் மீதே ஆத்திரம் ஏறியது. கண்ணுக்கு முன்னால் இருந்ததைப் பார்க்காமல் மேசையைக் குறை சொல்லியிருக்கிறாள்.

வாரைக் கணவரே மாட்டினார். இரண்டு பக்கமும் மாட்டினார். ஒரு பின் ஒருமுறை வழுக்கியபோது அவருடைய வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை வந்தது. மகள் அங்கே இருந்தும் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. அவள் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "சாய்ச்சுப் பிடிங்க" என்று இரண்டு தடவை வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். அந்த வார் அவள் மணிக்கட்டுக்குப் பெரியது. அன்றைக்கு யாரும் அதில் ஓட்டை போடவில்லை. உள்ளே ஒரு துணியை மடித்துக் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலை, கூட்டம் வருவதற்கு முன்னால், அவள் ஈட்டியின் நாற்காலிக்கு எதிரில் போய் உட்கார்ந்தாள். நோயாளிகள் உட்காரும் நாற்காலி அது. அதிலிருந்து பார்த்தால் அறையே வேறு மாதிரி இருந்தது. ரவிக்கைக் கையை மேலே ஏற்றிக்கொண்டு கையை நீட்டினாள். அவர் அவளையும் கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எனக்கா? நானா?"

"எனக்கு நானே குத்திக்க முடியுமா?"

அவருடைய காது சிவந்துவிட்டது. பட்டையைக் கட்டினார். ஆனால் ஊசியை எடுத்ததும் தயங்கினார். அவரைப் பதறவைத்தது அந்தப் பட்டப்பெயர்தான் என்று அவளுக்குப் புரிந்தது. முதல் குத்து நரம்பின் பக்கத்தில் போய் நின்றது. சுருக்கென்று வலித்தது. இத்தனை வருஷம் மற்றவர்களிடம் "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று சொல்லிவந்தது பச்சைப் பொய் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் மன்னிப்புக் கேட்டார். "பரவாயில்ல, எடுத்துட்டு மறுபடி போடுங்க" என்றாள். குரல் கடுகடுவென்றுதான் வந்தது. இரண்டாவது குத்தில் குழாய் நிரம்பியது. பஞ்சை வைத்து அழுத்தும்போது அவர் தலையைத் தூக்காமல் சொன்னார்:

"ஒரு மாசமா குழந்தைங்கள எல்லாம் எங்கிட்ட அனுப்பறீங்க. ஏன்னு தெரியும். நான் யார்கிட்டயும் சொல்லல."

அவளுக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, தனக்கு மட்டும் தெரியவில்லை என்ற கடுப்புதான் வந்தது. தலையை மட்டும் ஆட்டிவிட்டு எழுந்தாள்.

சாயங்காலம் முடிவு வந்தது. அவள் எதிர்பார்த்ததேதான். கழுத்திலிருக்கும் சுரப்பி தறிகெட்டு ஓடிக்கொண்டிருந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை, மாத்திரையில் கட்டுப்படும், ஆனால் நாளாகும் என்றார் டாக்டர். நாளாகும் என்றால் எத்தனை நாள் என்று அவள் கேட்டதற்கு, மாதக் கணக்கில் என்றார். கணவர் வெளியே காத்திருந்தார். செய்தியைக் கேட்டுவிட்டு, மூச்சை இழுத்து விட்டு, "நான் என்னென்னவோ நெனச்சுட்டேன்" என்றார். அவர் என்னென்ன நினைத்தார் என்று சொல்லவில்லை. பேருந்தில் வழிநெடுக அவளுடைய பையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

நடுக்கம் அடங்கும்வரை ஊசி பிடிக்க வேண்டாம் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். அவளை வாசல் மேசையில் உட்கார வைத்தார்கள். சீட்டை வாங்க வேண்டும், குழாயில் பெயர் ஒட்ட வேண்டும், வரிசையை அனுப்ப வேண்டும். ஒட்டும் சீட்டும் கோணலாகத்தான் போனது. "அக்கா, நீங்க எடுக்கலியா?" என்று கேட்காதவர்கள் இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் சிரித்து மழுப்பி, உள்ளே கை காட்டி, சாயங்காலம் வீட்டுக்குப் போய்த் தலைவலி மாத்திரையும் சேர்த்து விழுங்கினாள். வேலை செய்யாமல் வேலை செய்யும் இடத்தில் உட்கார்ந்திருப்பதைப் போலக் கொடுமை வேறு இல்லை என்று கணவரிடம் தினமும் சொன்னாள். அவர் தினமும் முதல்முறை கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டார்.

சில வாரம் கழித்து ஒரு காலையில், மூன்று மாதமே ஆன குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். உள்ளே அனுப்பிய சற்று நேரத்தில் குழந்தை அலறும் சத்தம் கேட்டது. பிறகு சத்தம் நிற்கவே இல்லை. அவள் சீட்டை ஒட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். ஒட்டுவதை நிறுத்தினாள். எழுந்து வாசலில் போய் நின்று பார்த்தாள். ஈட்டி வேர்த்து வழிந்துகொண்டிருந்தார். குழந்தை கையை உதறி உதறி இழுத்தது, தாய்க்கோ பிடிக்கப் பயம்.

"கை முட்டிய மடங்க விடாதீங்க" என்றாள் அவள். அடக்க முடியவில்லை.

அவர் நிமிர்ந்தார். அவர் முகத்தில் எரிச்சலைத்தான் அவள் எதிர்பார்த்தாள். அவரோ நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டார்.

"வந்து பிடிங்க. நான் குத்தறேன், நீங்க பிடிங்க."

போய் உட்கார்ந்தாள். குழந்தையின் கையை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டாள். பிடிப்பதற்குச் சின்ன விரல்களின் நிதானம் தேவையில்லை, முழுக் கையின் சூடு போதும். இருந்தாலும் தன் நடுக்கம் குழந்தைக்குத் தெரிந்துவிடுமோ என்று முதலில் பயந்தாள். கட்டைவிரலால் தோலை மெல்ல இழுத்தாள். நரம்பு எங்கே இருக்கிறது என்று கண்ணுக்கு முன்பே விரலுக்குத் தெரிந்தது. "இங்க. இன்னும் இறக்கி. மெதுவா" என்றாள். அவர் அவள் சொன்ன இடத்தில் சொன்ன சாய்வில் ஊசியை இறக்கினார். குழாயின் அடியில் சிவப்பு எட்டிப் பார்த்தது, ஏறியது. குழந்தை இன்னும் ஒருமுறை சிணுங்கிவிட்டு, அவளுடைய கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டது.

தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்து, "ரொம்ப நன்றிக்கா" என்றாள்.

"குத்தினது அவரு" என்றாள். குழந்தையின் பிடியிலிருந்து கட்டைவிரலை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

வெளியே வரிசை நீண்டு, மேசையில் ஆளைக் காணோம் என்று யாரோ முணுமுணுக்கத் தொடங்கியிருந்தார்கள். "வர்றேன், வர்றேன்" என்று எரிந்து விழுந்தபடி எழுந்தாள். அடுத்த சீட்டில் ஒரு கைக்குழந்தையின் பெயர் இருந்தது. அதைக் குழாயில் ஒட்டி எடுத்துக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே மறுபடி உள்ளே போனாள்.